பாவத்தைக் கிலோவில் நிறுப்பவர்கள்

ஒரு பெண்ணின் உடம்பு பருத்திருப்பதற்கும் அவள் கடவுளை எவ்வளவு நம்புகிறாள் என்பதற்கும் சம்பந்தம் உண்டா? உண்டு என்று சொல்லி ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. காலையில் ஒரு வேத வசனம், அதைத் தொடர்ந்து இருபது ஸ்குவாட், மதியம் தட்டில் என்ன இருந்தது என்று குழுவில் ஒரு போட்டோ, வாரக் கடைசியில் எடை மெஷினில் ஏறி இறங்கியதும் ஒரு ஜெபம். வாடிக்கையாளர்கள் பெண்கள். பயிற்சி தருகிறவரும் பெரும்பாலும் பெண்தான். கிறிஸ்தவ ஃபிட்னஸ் கோச்சிங் என்று பெயர். பிறந்த ஊர் அமெரிக்கா. ஆனால் கைப்பேசி இருக்கிற எந்த வீட்டுக்குள்ளும் நுழையக்கூடிய சரக்கு என்பதால் சேலம், நாமக்கல் பக்கத்துப் பெண்களுக்கும் இது ஏதோ தூரத்துச் சமாச்சாரம் இல்லை.

இதை இரண்டு விதமாக எதிர்க்கலாம். 'உடற்பயிற்சிக்குள் மதம் எதற்கு?' என்று கேட்பது ஒன்று. அது யோசிக்காமல் கேட்கிற கேள்வி. உள்ளே வந்த மதம் எந்த வாசல் வழியாக வந்தது, வந்து யார் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. செய்ய வேண்டியது இதைத்தான்.

முதல் கேள்வி ஏன் உதவாது என்றால், நம்மூரில் மதம் கலக்காத உடற்பயிற்சியே குறைவு. யோகா வகுப்பில் ஓம் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். சூரிய நமஸ்காரத்தின் பெயரிலேயே கும்பிடு இருக்கிறது. சஷ்டிக்கு விரதம், ரம்ஜானுக்கு நோன்பு, லெந்து நாட்களில் கறி இல்லை. பௌர்ணமிக்கு சேலத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்துவிட்டு வருகிற அம்மாக்கள் செய்வதை எந்த ஜிம்மும் செய்ய வைக்க முடியாது. (கிரிவலம் முடிந்ததும் சாப்பிடுகிற பூரி கிழங்கு வேறு கணக்கு.)

கிறிஸ்தவத்தை மட்டும் தனியாகப் பார்த்தாலும் இதே கதைதான். கூடைப்பந்து 1891இலும் வாலிபால் 1895இலும் பிறந்தது அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. சம்பந்தப்பட்ட உடற்பயிற்சிக் கூடங்களில். அந்தச் சங்கத்தின் சிவப்பு முக்கோணத்துக்கு உடல், மனம், ஆவி என்று மூன்று பக்கம். அந்த முக்கோணத்தை நம்பிய ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியோடு போனவரும் அவர்தான். 1940இல் அந்தக் கல்லூரியில் பெண்களையும் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் விசில் ஊதி வெயிலில் நிற்க வைத்த பி.டி. டீச்சர்களின் பரம்பரையை நூல் பிடித்துப் போனால் அது பைபிள் படித்த ஒரு ஆசாமியிடம்தான் போய் முடியும். வாலிபால் ஆடிய யாரும் அதற்காக மதம் மாறவில்லை, பந்தும் யாரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

ஆக, நம்பிக்கை உள்ளே வந்தது குற்றம் இல்லை. வந்த பிறகு அது செய்கிற வேலைதான் பிரச்சினை.

அதைப் புரிந்துகொள்ள இந்தத் தொழிலின் பழைய பக்கங்களைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1957இல் சார்லி ஷெட் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர், ஜெபம் செய்தே எடையைக் குறைக்கலாம் என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அவரே நூறு பவுண்டு குறைத்தவர். குண்டாக இருப்பவர்கள் மட்டும்தான் தங்கள் பாவத்தைத் தராசில் ஏற்றி எடை பார்க்க முடியும் என்று அதில் ஒரு கிண்டல் வேறு. கிண்டலாகச் சொன்னாரோ சீரியஸாகச் சொன்னாரோ, மொத்தத் தொழிலும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. 1981இல் ஹூஸ்டனில் ஒரு பாப்டிஸ்ட் சபை 'ஃபர்ஸ்ட் பிளேஸ்' என்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. 1986இல் டென்னசியில் க்வென் ஷாம்ப்ளின் என்ற பெண் 'வெய் டவுன்' வகுப்புகளைத் தொடங்கினார். 2010இல் கலிஃபோர்னியாவின் ரிக் வாரன் ஒரே நாளில் 827 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஒவ்வொருவரையும் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றி, ஜனங்கள் எவ்வளவு கனமாகிவிட்டார்கள் என்று அவருக்கு உறைத்ததாம். தானும்தான் கனம் என்று சேர்த்துச் சொன்னார், அதைப் பாராட்ட வேண்டும். 2011இல் 'டேனியல் பிளான்' வந்தது.

இதில் ஷாம்ப்ளினின் கதை முக்கியமானது. அவர் முறையாகப் படித்த உணவியல் நிபுணர். பசி எடுத்தால் சாப்பிடு, வயிறு நிறைவதற்கு முன் நிறுத்து என்பதுதான் அவர் சொன்ன வழி. இதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது, எல்லா ஊர்ப் பாட்டியும் சொல்வதுதான். ஆனால் பசிக்கு மேல் சாப்பிடுவது விக்கிரக ஆராதனை, உணவைக் கும்பிடுவது, கடவுளுக்குக் கீழ்ப்படியாமை என்று அடுத்த படிக்கும் போனார். ஆயிரக்கணக்கான சபைகளில் வகுப்புகள் நடந்தன. 1997இல் வந்த அவருடைய புத்தகம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 1999இல் தனிச் சபையே ஆரம்பித்தார். 2000இல் திரித்துவத்தைப் பற்றி அவர் எழுதிய ஒரு கருத்தைப் பார்த்துப் பதிப்பகமும் பல சபைகளும் அவரைக் கைவிட்டன. கவனியுங்கள், பிதா சுதன் ஆவியைப் பற்றிய கணக்கில் தப்பு வந்ததும் கைவிட்டார்கள். பதினான்கு வருஷமாகக் குண்டுப் பெண்களைப் பாவிகள் என்று சொல்லிக் கொண்டிருந்தபோது அதே சபைகள் ஹால் திறந்து நாற்காலி போட்டுக் கொடுத்தன. எடையை வைத்துத் தங்களை நெருக்கினார்கள் என்று அவருடைய சபையின் முன்னாள் உறுப்பினர்கள் பின்னாளில் குற்றம் சாட்டினார்கள், சபை மறுத்தது. 2021 மே மாதம் ஷாம்ப்ளினும் கணவரும் இன்னும் ஐந்து பேரும் விமான விபத்தில் இறந்தார்கள்.

இப்போது இதை வியாபாரமாக மட்டும் பார்ப்போம். எந்தச் சேவையிலும் விற்பவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. டிராவல்ஸ்காரன் பஸ் அனுப்பவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சேவையில் குறைபாடு என்ற வார்த்தையை 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமும் வைத்திருந்தது, அதற்குப் பதில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் வைத்திருக்கிறது. சாதாரண ஜிம் கோச் மூன்று மாதத்தில் எட்டு கிலோ என்று சொல்லி இரண்டு கிலோ குறைந்தால் அவன் முகத்துக்கு நேராகச் சண்டை போடலாம். ஆனால் எடை குறையாததற்குக் காரணம் உன் கீழ்ப்படியாமை, உன் ஜெபக் குறைவு என்று ஆகிவிட்டால்? நஷ்டம் முழுவதும் வாடிக்கையாளர் கணக்கில் பற்று, லாபம் முழுவதும் கோச் கணக்கில் வரவு. எடை குறைந்தால் கடவுள் கிருபை, அதற்கு சாட்சி சொல்ல வேண்டும், அந்த சாட்சியே அடுத்த விளம்பரம். குறையாவிட்டால் அவள் பாவம், அதை அவள் வெளியே சொல்லமாட்டாள். இப்படி ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி எல்.ஐ.சி.யில்கூடக் கிடையாது.

சட்டம் என்று எடுத்ததால் இன்னொன்றும். மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954இல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களுக்கு அதில் ஒரு பட்டியல் உண்டு. அதில் நீரிழிவு இருக்கிறது, உடற்பருமன் இருக்கிறது, மாதவிடாய்க் கோளாறு, கருப்பைக் கோளாறு, பெண்களின் மலட்டுத்தன்மை எல்லாம் இருக்கின்றன. பட்டியலைப் படித்தால், எந்தெந்தக் கஷ்டத்தை வைத்துப் பெண்களை ஏமாற்றினார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் மாதிரி இருக்கும். தாயத்து, மந்திரம், கவசம் என்று பெயர் சொல்லியே தடுத்த சட்டம் அது. ஜெபம் என்ற வார்த்தை அதில் இல்லை. அதனால் தப்பித்துவிடலாம் என்று யாராவது நினைத்தால் அது வக்கீல்கள் பாடு. பெண்ணுக்கு நடப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

சரி, பைபிளாவது இவர்களுக்குத் துணை நிற்கிறதா என்றால் அங்கேயும் இடிக்கிறது. டேனியல் பிளான் என்று பெயர் வைத்தார்கள் இல்லையா, அந்தத் தானியேலின் கதை என்ன? பாபிலோன் ராஜாவின் விருந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானியேலும் மூன்று நண்பர்களும் பத்து நாள் பருப்பும் காய்கறியும் தண்ணீரும் சாப்பிட்டார்கள். பத்தாம் நாள் பார்த்தால், ராஜ போஜனம் சாப்பிட்ட பையன்களைவிட இவர்கள் சதைப்பிடிப்பாக இருந்தார்கள்! அதாவது எடை கூடியது. முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். எடை கூடிய நாலு பையன்களின் பெயரில் எடை குறைக்கும் திட்டம் விற்பது, சாப்பாட்டு ராமன் பெயரில் டயட் சென்டர் நடத்துவது மாதிரி.

அடுத்தது 'உடல் ஆலயம்'. இந்தத் தொழிலில் அதிகம் அடிபடுகிற வசனம். பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது. அந்த அதிகாரத்தில் பேச்சு வேசித்தனத்தைப் பற்றி. இடுப்புச் சுற்றளவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் உடற்பயிற்சி பற்றி நேராகவே வருகிறது, அதனால் கிடைக்கிற பிரயோஜனம் கொஞ்சம்தான் என்று. இந்த வசனத்தை ஏனோ டீ-ஷர்ட்டில் அச்சடிப்பதில்லை :-) இயேசுவைப் பிடிக்காதவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று போஜனப்பிரியன். வரி வசூலிப்பவர்களோடும் ஊர் ஒதுக்கியவர்களோடும் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக வந்த பெயர். அவரை கோச் ஆக்கிக் கலோரி எண்ண வைப்பது அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அப்படியென்றால் பெண்களின் உடல்நலத்துக்குள் கிறிஸ்தவ நம்பிக்கை எந்த வாசல் வழியாக வர வேண்டும்? இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். நாமக்கல்லில் நின்று வடகிழக்கே பார்த்தால் தெரிகிற மலை போதும்.

கொல்லிமலைக்கு இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ரோடு இருக்கிறது. ரோடு இல்லாத காலத்தில், மலேரியாவுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் ஏறாத காலத்தில், சேந்தமங்கலம் பக்கமிருந்து ஏறியவர் ஜெஸ்ஸி பிராண்ட். 1907இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனரி. 1913இல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்குப் போனவர் ஈவ்லின், லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் பழகியவர். இரண்டு பேரும் முழு டாக்டர்கள் இல்லை. வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிக் கொஞ்ச காலம் படித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய மகன்தான் 1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

மலையில் அப்போது நரம்புச் சிலந்தி என்கிற புழு. தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய், சுமார் ஒரு வருஷம் உடம்புக்குள்ளேயே வளர்ந்து, இரண்டடி மூன்றடி நீளத்துக்குக் காலில் கொப்புளம் போட்டு வெளியே தலை காட்டும். இழுத்தால் அறுந்து சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில்தான் எடுக்க வேண்டும். அந்தப் புண்ணுக்கு இதமாக இருக்கிறதென்று கால் வைக்கிற இடம் எது? ஊரார் குடிக்கிற ஊற்று. கால் பட்டதும் புழு குஞ்சுகளை அந்தத் தண்ணீரிலேயே விடும். குடம் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவது யார் வேலை என்று சொல்லத் தேவையில்லை. ஜெஸ்ஸி புழுக்களைக் குச்சியில் சுற்றி எடுத்தார், கூடவே தண்ணீரைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பச் சொன்னார். வருஷங்கள் கழித்து ஈவ்லினும் மலை மலையாகப் போய் அதையே சொல்லிக் கொடுத்தார். இந்த நோய் இந்தியாவை விட்டே போனது 1996இல், 2000இல் அதற்குச் சான்றிதழ் கிடைத்தது.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும், வர வேண்டியதும்தான். இவர்கள் மதம் மாற்ற வந்தவர்கள்தானே, மருந்து ஒரு தூண்டில்தானே? மறைக்க ஒன்றுமில்லை, மதம் மாற்றத்தான் வந்தார்கள். பிரசங்கம் செய்தார்கள், ஆள் சேர வேண்டும் என்று ஜெபித்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒருவரும் சேரவில்லை. மருந்து மட்டும் நிற்கவே இல்லை. 1918-19 இன்ஃப்ளூயன்சாவில் மலை முழுக்கப் பிணம் விழுந்தபோது, அவர்களை அதுவரை எதிர்த்துக்கொண்டிருந்த பூசாரி ஒருவர் சாகக் கிடந்தார். சொந்த ஜனங்கள் தொற்றுக்குப் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டது இந்தத் தம்பதிதான். சாவதற்கு முன் அவர் தன் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதற்குப் பிறகுதான் மலையில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். இதைத் தூண்டில் என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வித்தியாசத்தைத் தாண்டிப் போக முடியாது. கிணற்றைச் சுற்றிக் கட்டிய சுவர், அதிலிருந்து தண்ணீர் எடுக்கிறவள் மாரியம்மனைக் கும்பிடுகிறாளா மரியாளை மதிக்கிறாளா என்று பார்த்துப் புழுவைத் தடுக்கவில்லை. நம்பாதவளுக்கும் அது அதே அளவு வேலை செய்தது. ஷெட்டின் ஜெபமும் ஷாம்ப்ளினின் வகுப்பும் அப்படியா? நம்பாதவளுக்கு அங்கே மிச்சம் இருப்பது குற்ற உணர்ச்சி மட்டும்தான்.

1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்துபோனார். ஈவ்லின் இங்கிலாந்து போனார், திரும்பி வந்தார். ஏறக்குறைய எழுபது வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வு வாங்கிக்கொண்டு அவர் போன இடம் மறுபடி மலை, இந்தத் தடவை சொந்தப் பொறுப்பில். கொல்லி முடிந்து பச்சைமலை, கல்வராயன் என்று போய்க்கொண்டே இருந்தார். மட்டக் குதிரையில் ஏறிப் போவார், விழுவார், எலும்பு முறியும், எழுந்து இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு நடப்பார். எழுபத்தைந்து வயதில் இடுப்பு எலும்பு முறிந்தபோது மகன் டாக்டர் என்ற முறையில் போய், போதும் வந்துவிடு என்று கெஞ்சினார். உபயோகப்படுத்தாமல் இந்த உடம்பைப் பத்திரமாக வைத்திருந்து என்ன செய்யப் போகிறேன் என்ற பொருளில் பதில் வந்ததாக மகனே எழுதியிருக்கிறார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார். கடைசி இருபது வருஷம் அம்மாவின் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லையாம். வேண்டாம் என்று எடுத்துவிட்டார். 1974இல், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம்.

நாலு சுவரிலும் கண்ணாடி பதித்த ஹாலில் நின்று 'கடவுளுக்காக' வயிற்றை உள்ளிழுக்கச் சொல்கிற கோச், இந்தப் பாட்டியை எந்த பி.எம்.ஐ. கட்டத்தில் வைப்பார்?

வேலூர்க் கதையும் இதே வாசல்தான், எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாக. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் டாக்டராகத் திரும்பி வந்து, 1900இல் ஒரே கட்டிலோடு மருத்துவமனை ஆரம்பித்து, 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். அவருடைய நம்பிக்கை அவரை ராத்திரி எழுப்பியது. நோயாளியைப் பார்த்து நீ ஏன் சரியாக நம்பவில்லை என்று கேட்கவில்லை. நம்பிக்கையின் பாரம் கோச்சின் தோளில் இருக்க வேண்டும், வாடிக்கையாளரின் இடுப்பில் ஏற்றக் கூடாது.

இவ்வளவும் பழைய கதை, இப்போது சேலம் நாமக்கல் சமவெளிப் பெண்களுக்கு என்ன ஆபத்து என்று கேட்டால், ஆபத்து ரத்தத்தில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு எடை அதிகம். அதே ஆய்வின்படி அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிற பெண்களும் உண்டு. பார்க்கக் குண்டு, உள்ளே ரத்தம் இல்லை. அரிசி வயிற்றை நிரப்புகிறது, அது மட்டும் இரும்புச் சத்துக்குப் போதாது. நாடு முழுக்க லாரி லாரியாக முட்டை அனுப்புகிற மாவட்டத்தில் அந்தப் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவளின் கதையும் இதுவாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட ஒருத்தி வசனத்தோடு ஸ்குவாட் வகுப்பில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஸ்குவாட்டில் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது. கோச்சின் அகராதியில் இதற்குச் சோம்பல் என்று பெயர், சோம்பல் ஏழு பெரும்பாவங்களில் ஒன்று. உண்மையில் அவளுக்கு வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனையும் இரும்புச் சத்து மாத்திரையும். தைராய்டு குறைந்தவள் பட்டினி கிடந்தும் எடை குறையாமல் அழுவாள், அவளிடம் உணவை விக்கிரகமாக்கினாய் என்று சொன்னால் அது கொடுமை. இதைவிட அபாயமானது உபவாச ஜெபம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழலாம், உயிரே போகலாம். உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு இருக்கட்டும். அதை எடை குறைப்புப் பேக்கேஜில் சேர்த்து விற்கிறவரை என்ன சொல்வது?

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் தறிக்கூடங்களில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவளிடம் உடம்பை அசைக்கவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அசைத்து அசைத்துத்தான் முட்டி தேய்ந்திருக்கிறது. அதே பள்ளிபாளையத்தில் தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்கிற விவகாரம் பல வருஷமாக இருந்து, 2025 ஜூலையில் மறுபடி வெளியே வந்து அரசு விசாரணை வரைக்கும் போனது. உடல் கடவுளின் ஆலயம் என்று உண்மையாகவே நம்புகிற ஒருவருக்கு இந்த ஊரில் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. ஆலயத்தின் ஒரு கல்லைப் பெயர்த்து வட்டிக்காரனுக்குக் கொடுக்கிறார்கள் இங்கே.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சபை வழியாக வருகிற ஃபிட்னஸுக்கு நம்மூரில் ஒரு பெரிய லாபம் உண்டு. ஜிம்முக்குப் போகிறேன் என்றால் விடாத கணவனும் மாமியாரும் சபையில் பெண்கள் கூட்டம் என்றால் விடுவார்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து நடந்தால் ஒருத்தி நின்றாலும் மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். தனியாகச் செய்வதைவிட அது நிலைக்கும். சேலத்தில் லண்டன் மிஷன் காலடி வைத்தது 1827இல். அந்தக் காலத்திலிருந்து மிச்சம் இருக்கிற மிஷன் காம்பவுண்டுகளில் மதில் சுவர், மர நிழல், கேட், வாட்ச்மேன் எல்லாம் இருக்கிறது. சாயங்காலம் ஒரு பெண் சுடிதாரும் ஷூவுமாகத் தெருவில் வேகமாக நடந்தால் டீக்கடையிலிருந்து என்னென்ன காதில் விழும் என்று பெண்களுக்குத் தெரியும். அவர்கள் நிம்மதியாக நடக்கக்கூடிய சுவர் போட்ட மைதானம் இந்த ஊர்களில் எத்தனை இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை தவிர வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற கேட்டை தினமும் ஒன்றரை மணி நேரம் எல்லாத் தெருப் பெண்களுக்கும், எந்தச் சாதி எந்தச் சாமி என்று கேட்காமல், திறந்துவிடச் சொல்லலாம். எடை மெஷின்கூட வேண்டாம். மாதம் ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸை வரவழைத்து ரத்தம் பார்க்கச் சொல்லலாம். ஜெபம் செய்ய ஆசைப்படுகிற கோச், நடக்க வருகிறவர்கள் வருவதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்து அவர்களுக்காக ஜெபித்துவிட்டு விசில் எடுக்கட்டும், யார் தடுக்கப் போகிறார்கள்.

அதுவரைக்கும், வசனத்தோடு எடை குறைப்பு என்று யாராவது மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்டால், கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டுப் பார்க்கலாம். எடை குறையாவிட்டால் பணம் திரும்ப வருமா? சேருவதற்கு முன் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்த்துவிட்டு வரச் சொல்வீர்களா? இரண்டாவதற்கு விசுவாசம் இருந்தால் போதும் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.